செக்போஸ்ட் மலையும் கடைத்தெரு மலையும்

விடியலில் தனியாளாக வண்டியை எடுத்து, மலை ஏறி, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவது கொங்கு நாட்டின் விடுமுறை நாள் பழக்கங்களில் ஒன்றாக நிலைத்துவிட்டது. இதற்கு முதற்காரணம் நிலத்தின் அமைப்பு. கோயம்புத்தூருக்குத் தென்மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில், பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் மதுக்கரை இருக்கிறது. சிமென்ட் ஆலையாலும் தர்மலிங்கேசுவரர் மலைக்கோயிலாலும் பெயர் பெற்ற இந்த ஊரிலிருந்து வடக்கே மேட்டுப்பாளையம் வழியாக நீலகிரி, தெற்கே பொள்ளாச்சி வழியாக ஆனைமலை, மேற்கே வாளையாற்றைத் தாண்டினால் நெல்லியாம்பதி என்று மூன்று பக்கமும் மலைதான். ஊட்டியும் வால்பாறையும் ஏறத்தாழ நூறு நூறு கிலோமீட்டர். நீலாம்பூருக்கும் மதுக்கரைக்கும் இடையே புறவழிச்சாலை இருப்பதால் நகர நெரிசலுக்குள் நுழையாமலே கிளம்பிவிடலாம். அறை எடுக்க வேண்டியதில்லை, லீவு போட வேண்டியதில்லை.

இலங்கையில் மலை தீவின் நடுவே இருக்கிறது. கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீட்டர். அங்கிருந்து நுவரெலியா இன்னும் 77 கிலோமீட்டர். கண்டி நகரமே கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டர் அளவில் இருக்கிறது. கம்பளை, அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று மலைமேல் வரிசையாக நகரங்கள், நகரங்களுக்கு இடையே தோட்டங்கள், தோட்டங்களுக்குள் தொழிலாளர் வாழும் லயங்கள். இங்கே மலை வீதி என்பது அங்கே வாழ்கிறவர்கள் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிற வழி. ஒருவர் தனியாக வண்டி ஓட்டிச் சென்றாலும் அந்த வீதியில் தனியாக இருப்பது அரிது.

இரண்டு நாடுகளிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். சாலைக்கு இரு பக்கமும் தேயிலை இருக்கிறது, டீக்கடையில் தமிழ் கேட்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே பயணத்தின் இரண்டு பிரதிகள் போலத் தோன்றும். ஆனால் கொங்கு மலைக்கு வாசல் இருக்கிறது; வாசலில் காவலும் நேரக் கணக்கும் இருக்கின்றன. இலங்கை மலைக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. தனி ஓட்டியின் நாள் எப்படி அமைகிறது, எதற்கு அவர் பயப்பட வேண்டும், எங்கே நிறுத்தலாம், யாரிடம் பேச நேரும் என்பதில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

வேறுபாட்டின் வேர் சாலை போட்ட நோக்கத்தில் இருக்கிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். அடுத்த ஆண்டே சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் உள்ள திம்பட்டிக்குப் பாதை வெட்டும் வேலை மெக்ஃபர்சன் என்ற ராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் தொடங்கி, 1823இல் முடிந்தது. சமவெளி வெயிலில் வதங்கிய வெள்ளை அதிகாரிகளும் நோயாளிகளும் உடம்பு தேற மேலே போவதற்கான வழி அது. 1830களின் தொடக்கத்தில் குன்னூர் வழி திறந்தது. பின்னாளில் குன்னூர் மலைச்சாலை வேலையோடு தொடர்புடைய லா என்ற பொறியாளரின் பெயரை இன்றும் குன்னூருக்குக் கீழே உள்ள அருவி சுமக்கிறது. ஆக, நீலகிரிச் சாலை பிறக்கும்போதே ‘மேலே போய் இளைப்பாறிவிட்டு வருகிற’ சாலை.

அதே 1820களில் இலங்கையில் வெட்டிய சாலையின் கதை வேறு. 1815இல் கண்டி அரசு பிரிட்டிஷார் கைக்கு வந்தது. 1817–18இல் கிளர்ச்சி வெடித்தது. படையையும் பீரங்கியையும் விரைவாக மலைக்குள் கொண்டுபோக வழி வேண்டும் என்று ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டி வீதியில் இறங்கினார். ராஜகாரிய முறைப்படி மக்களிடம் கட்டாய உழைப்பு வாங்கி வெட்டிய வீதி அது. கடுகண்ணாவையில் வேலையை நடத்திய பொறியாளர் டாசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் இன்றும் வீதியோரம் நிற்கிறது. பதினாறு வயதளவில் வீதி வேலைக்கு அனுப்பப்பட்ட தாமஸ் ஸ்கின்னர் அடுத்த அரை நூற்றாண்டு தீவு முழுவதும் வீதி போட்டார். 1824இல் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்ட பிறகு, படை போன வழியில் கோப்பி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் வரத் தொடங்கின. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டார். கோப்பி நோயில் அழிந்ததும் அதே சரிவுகளைத் தேயிலை பிடித்துக்கொண்டது. இளைப்பாறுவதற்காக வெட்டிய வீதி அல்ல அது. சரக்கும் ஆளும் போக வெட்டியது. இருநூறு ஆண்டு கழிந்தும் அந்த இயல்பு மாறவில்லை.

கொங்குப் பக்கத்துத் தனிப் பயணத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு வால்பாறை. மதுக்கரையிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறவர் கிணத்துக்கடவு தாண்டி, பொள்ளாச்சியில் டேங்க்கை நிரப்பிக்கொள்கிறார். அங்கிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். ஆழியாறு அணை வரை இரு பக்கமும் தென்னந்தோப்பு. சாலை நேராக, சமமாக ஓடுகிறது. அணையைத் தாண்டியதும் வனத்துறைச் செக்போஸ்ட். வண்டி எண்ணை எழுதிக்கொண்டு, பின் சீட்டில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோ மதுப்பாட்டிலோ இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறார்கள். “ஒருத்தர் மட்டுந்தானுங்களா? வழியில எங்கயும் நிறுத்தாதீங்க” என்று காவலர் சொல்வது தனியாக வருகிற எல்லோருக்கும் பழக்கமான வாசகம். அந்த இடத்தில் தடுப்புக் கம்பைத் தூக்கினால்தான் மலை திறக்கும். மாலைக்கு மேல் சுற்றுலா வண்டிகளை மேலே விடுவதில்லை.

செக்போஸ்டைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண்ணிட்ட பலகை நிற்கிறது. ஒன்பதாம் வளைவில் லோம்ஸ் வியூ என்ற காட்சிமுனை; கீழே ஆழியாறு நீர்த்தேக்கமும் பொள்ளாச்சிச் சமவெளியும் விரிந்து கிடக்கும். நீலகிரி வரையாடு பாறை விளிம்பில் நிற்பதைக் காரை விட்டு இறங்காமலே பார்க்கக் கிடைக்கும் சில இடங்களில் இதுவும் ஒன்று. ஆட்டக்கட்டி தாண்டியதும் காற்று மாறுகிறது, தேயிலை தொடங்குகிறது. புதுத்தோட்டம் அருகே சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும்போது தோட்டக் காவலாளிகள் வண்டிகளை நிறுத்துவதுண்டு. பத்து மணிக்கு வால்பாறையில் டிபன், மதியம் வரை சோலையாறு பக்கம் ஒரு சுற்று, மூன்று மணிக்கு இறக்கம், இருட்டும்போது மதுக்கரை. இந்த அட்டவணையை ஓட்டிகள் யாரும் எழுதிவைப்பதில்லை. ஆனாலும் பெரும்பாலோர் ஏறக்குறைய இதைத்தான் பின்பற்றுகிறார்கள். கம்பு எழும் நேரமும் விழும் நேரமும்தான் அட்டவணையைப் போடுகின்றன.

வளைவுகளை எண்ணுவது தமிழ்நாட்டு ஓட்டிகளின் தனி மோகம். குன்னூர் வழியில் 14, ஏற்காட்டில் 20, திம்பத்தில் 27, கல்லட்டியில் 36, வால்பாறையில் 40, கொல்லிமலையில் 70 என்று ஒப்பிப்பார்கள். எண்ணிக்கை கூடினால் சாலை கடினம் என்பது பொதுவான நம்பிக்கை. உண்மை அப்படியில்லை. பதினான்கே வளைவுகள் கொண்ட குன்னூர்ச் சாலையில் லாரி, அரசுப் பேருந்து, சுற்றுலா வேன் எல்லாம் சேர்ந்து தரும் தொல்லை வால்பாறையின் நாற்பது வளைவுகளில் கிடையாது. கல்லட்டியில் ஆபத்து வளைவுகளின் எண்ணிக்கையில் இல்லை. சரிவு அத்தனை செங்குத்து. அங்கே இறக்கத்தில் விபத்துகள் தொடர்ந்து நடந்ததால்தான் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது.

அண்மை ஆண்டுகளில் மலைவாசல் கைபேசிக்குள்ளும் வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்ற உச்சவரம்பு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் வால்பாறையும் இ-பாஸ் பட்டியலில் சேர்ந்தது. உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிறவர்கள் குன்னூர் வழியாகவும் இறங்குகிறவர்கள் கோத்தகிரி வழியாகவும் போக வேண்டும் என்ற ஒருவழி முறையும் இருக்கிறது. பண்ணாரியிலிருந்து திம்பம் வழியாக மைசூர்ப் பக்கம் போகும் சாலை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் செல்வதால் 2022 பிப்ரவரி முதல் அங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடை. நினைத்த மாத்திரத்தில் கிளம்புவதுதான் தனிப் பயணத்தின் சுகம் என்று கருதுகிறவர்களுக்கு இதெல்லாம் எரிச்சல். ஆனால் மே மாத ஞாயிற்றுக்கிழமையில் குன்னூர்ச் சாலையின் பர்லியாறு வளைவில் மூன்று மணி நேரம் முதல் கியரில் கிடந்து பார்த்தவர் யாரும் உச்சவரம்பை எதிர்த்து வாதாட மாட்டார்.

இலங்கையில் இதற்கு இணையாக எடுத்துக்கொள்ள வேண்டிய வீதி ஏ5. பேராதனையில் தொடங்கி கம்பளை, புஸ்ஸல்லாவ, ரம்பொட, லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறி, அங்கிருந்து பதுளை வழியாகச் செங்கலடி வரை போகும் வீதி இது. கம்பளையிலிருந்து நுவரெலியா வரை ஏறத்தாழ 1,400 மீட்டர் ஏற்றம். இதில் எந்த இடத்திலும் கம்பு இல்லை, பாஸ் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. நள்ளிரவிலும் போகலாம், கொழும்புச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிய லொறிகள் இரவில்தான் இறங்குகின்றன. கம்பளையில் கடைத்தெரு, புஸ்ஸல்லாவையில் கடைத்தெரு, ரம்பொடையிலும் கடைத்தெரு. காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் வீதியோரம் வரிசையாக நடக்கிறார்கள். கொழுந்துச் சாக்கு ஏற்றிய டிரக்டர் முன்னால் ஊர்கிறது. வளைவுக்கு வளைவு முச்சக்கர வண்டி குறுக்கே திரும்புகிறது. வால்பாறை ஓட்டி காட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார் என்றால், ரம்பொட ஓட்டி மனிதர்களைப் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டும்.

வளைவுகளுக்கு இங்கே எண்பலகை மரபு இல்லை. மாட்டு வண்டி ஏறக்கூடிய சரிவில், மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போகும்படி பழைய வீதிகளை வகுத்ததால் ஓயாத வளைவுகள் இருக்குமே தவிர, அடுக்கடுக்கான ஊசி வளைவுகள் சில இடங்களில்தான். ரம்பொட ஏற்றம் அதில் ஒன்று. அங்கே இருநூறு மீட்டருக்கு மேல் நீளமான குகைவழியும் உண்டு. எண்ணிக்கையால் பெயர் பெற்ற ஒரே பெரிய இடம் கண்டி–மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவு; வீதியை அகலப்படுத்திய பிறகு பழைய அச்சம் அங்கே குறைந்துவிட்டது.

ஏ5 வீதிக்கே உரிய ஒரு காட்சி பூ விற்கிற பிள்ளைகள். ஒரு வளைவில் கை நிறையப் பூங்கொத்தோடு பையன் நிற்பான். வண்டி நிற்காமல் போனால், வண்டி வீதியைச் சுற்றிக்கொண்டு இறங்குவதற்குள் அவன் தேயிலைச் சரிவில் குறுக்கே பாய்ந்து அடுத்த வளைவில் அதே பூவோடு நிற்பான். அதற்கடுத்த வளைவிலும். நான்காவது தடவை பெரும்பாலும் வண்டிக்காரர் தோற்றுப்போவார். கார் முழுக்க ஆள் இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். தனியாகப் போகிறவருக்கு அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்க வழியில்லை. வேடிக்கையாகச் சொல்லப்பட்டாலும், வேகமான வீதியில் பள்ளி வயதுப் பிள்ளைகள் செய்யும் ஆபத்தான பிழைப்பு இது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிறுத்தும் இடங்களிலும் வேறுபாடு தெரிகிறது. கொங்கு மலைச்சாலையில் காட்டுப் பகுதி முழுவதும் நிறுத்தக்கூடாது. நிறுத்தம் என்பது அடிவாரத்தில் இளநீர், உச்சியில் டீ, வர்க்கி, அவ்வளவுதான். இலங்கையில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். லபுக்கலைத் தேயிலைத் தொழிற்சாலையில் பார்வையாளருக்குத் தேநீர் உண்டு. வீதியோரக் கடையில் பிளேன்டீயும் மரக்கறி ரொட்டியும் கடலை வடையும் வாங்கிக்கொண்டு, கொத்மலை நீர்த்தேக்கம் தெரிகிற திருப்பத்தில் அரை மணி நேரம் உட்காரலாம். எந்தக் காவலரும் வந்து எழுப்பப் போவதில்லை.

யானை விஷயத்துக்கு வந்தால் இந்த வேறுபாட்டின் காரணம் இன்னும் தெளிவாகும். கொங்கில் சமவெளிக்கும் மலைக்கும் இடைப்பட்ட அடிவாரக் காடு யானை வழித்தடம். மதுக்கரை வனச்சரகத்தில் வாளையாறு ரயில் பாதையில் யானைகள் அடிபட்டுச் சாவது பல்லாண்டுத் துயரம். அதைத் தடுக்க 2024 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களோடு எச்சரிக்கை அமைப்பு நிறுவப்பட்டது. கல்லாறு, பண்ணாரி, ஆழியாறு எல்லாமே யானை கடக்கும் இடங்கள். வால்பாறையில் யானை நடமாட்டம் இருந்தால் எரியும் சிவப்பு விளக்குகளும் கைபேசிக் குறுஞ்செய்தியும் பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கின்றன. பைக்கில் தனியாக வருகிறவருக்கு இது வேடிக்கையல்ல. யானை எதிரே நின்றால் வண்டியைத் திருப்பும் அவகாசமும் மறைந்துகொள்ளக் கூரையும் அவரிடம் இல்லை.

இலங்கையின் நடு மலைநாட்டிலும் ஒரு காலத்தில் யானைகள் நிறைய இருந்தன. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறப்பதற்குள் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. வேட்டையும், கோப்பிக்காகக் காட்டை அழித்ததும் சேர்ந்து உயர்மலையிலிருந்து யானையை விரட்டிவிட்டன. இன்று நுவரெலியா வீதியில் யானை எச்சரிக்கைப் பலகைக்கு வேலை இல்லை. மகியங்கனைப் பக்கம் தாழ்நிலத்துக்கு இறங்கினால்தான் யானை பற்றிய பேச்சே வரும். செக்போஸ்ட் இல்லாத சுதந்திரம் ஒருவகையில் காடு இல்லாததன் விளைவு.

ஓட்டும் முறையில் இரு நாட்டுக்கும் பெரிய பேதமில்லை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது முதல் விதி. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். கருகல் வாடை வரும்போது ஏற்கெனவே தாமதம். இரண்டாம் கியரில் விட்டு, இன்ஜின் இழுப்பிலேயே வண்டியை அடக்கி, வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக் தொடுவதுதான் முறை. ஆட்டோமேட்டிக் காரில் நெம்புகோலைத் தாழ் கியருக்கு மாற்ற வேண்டும். சமவெளி ஓட்டிகள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். குறுகலான ஏற்றத்தில் மேலேறும் வண்டிக்கு முன்னுரிமை என்று இந்தியச் சாலை விதி சொல்கிறது. நின்றுபோன பாரவண்டியை ஏற்றத்தில் மறுபடி கிளப்புவது எத்தனை பாடு என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி. ஏறும்போது தனியாக வருகிறவருக்கு ஒரு நன்மை உண்டு: வண்டியில் பாரம் குறைவு. தீமையும் உண்டு. பக்கவாட்டில் பள்ளம் எவ்வளவு தூரம் என்று எட்டிப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. களைப்பு வந்தால் கை மாற்ற ஆளில்லை. காட்சியைப் பார்ப்பதும் ஓட்டுவதும் ஒரே ஜோடிக் கண்ணால்தான் நடக்க வேண்டும்.

மழைதான் பயண நாளைத் தீர்மானிக்கிறது. வால்பாறையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. நீலகிரியின் கிழக்குச் சரிவுக்கு ஆபத்து வடகிழக்குப் பருவத்தில். 2009 நவம்பரில் குன்னூர், ஊட்டிப் பகுதிகளில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சாலைகள் அறுந்தன. மதுக்கரைக்காரர் இதை ஒட்டியே திசை மாற்றிக்கொள்கிறார்: ஆடி மழையில் வால்பாறையை விட்டுவிட்டுக் கோத்தகிரி, ஐப்பசி மழையில் இரண்டையும் விட்டுவிட்டு வீட்டில் இருப்பது.

இலங்கையில் ஒரே மலைக்கு இரண்டு முகம். மேற்கு முகமான கினிகத்தேன, வட்டவளை பகுதியை மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை நனைக்கும். அதே நாட்களில் நுவரெலியாவைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளை பக்கம் இறங்கினால் வறண்ட கச்சான் காற்று வீசும். மார்கழி, தை மாதங்களில் கிழக்கு முகம் நனையும், மேற்கு முகம் காயும். ஆக, ஒரே நாள் பயணத்தில் ரம்பொடையில் வைப்பரைப் போட்டு ஏறி, ஹக்கலை தாண்டியதும் ஜன்னலைத் திறந்து வெயிலில் ஓட்ட முடியும். இந்த மாற்றத்துக்காகவே ஏ5 வீதியை நுவரெலியாவோடு நிறுத்தாமல் வெலிமடை வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் மழை மிஞ்சினால் இங்கே விளைவு கடுமை. வனத்துறை சாலையை மறிக்காத மலைநாட்டில், மண்சரிவு எச்சரிக்கை விடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்தான் வாசல் காவலர். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள், வீதிகளும் பாலங்களும் ரயில் பாதையும் பல இடங்களில் இல்லாமலே போயின.

இனி, தனியாக என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள பணக் கணக்கு. கொங்கு நாட்டில் மோட்டார் மோகம் பழையது. ஜி.டி.நாயுடு 1920இல் பொள்ளாச்சியிலிருந்து பழனிக்குப் பேருந்து ஓட்டித் தொழில் தொடங்கினார். கார் பந்தய வீரர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். மதுக்கரைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மில்லிலோ பவுண்டரியிலோ ஐடி கம்பெனியிலோ வேலை பார்க்கும் இளைஞர் தவணையில் புல்லட் வாங்கி, ஞாயிறு விடியலில் தனியாக மலைக்கு விடுவது இங்கே ஆடம்பரமில்லை.

இலங்கையில் மோட்டார் ஆர்வம் குறைவில்லை. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில் நடக்கும் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. ஆனால் ஒருவர் மட்டும் காரில் போவதற்குக் கட்டுப்படியாகும் நிலை பலருக்கு இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் பழைய கார்களின் விலை எகிறியது. 2022 நெருக்கடியில் பெற்றோல் செட் வாசலில் நாள்கணக்கில் வரிசை நின்றது. அந்த ஆண்டு ஜூலையில் கியூஆர் அட்டை முறை வந்தபோது வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர்தான். 4 லீற்றரில் கண்டியிலிருந்து நுவரெலியா போய் வந்தால் அந்த வாரம் வேலைக்கு நடந்துதான் போக வேண்டும். 2023 செப்டம்பரில் அந்தப் பங்கீடு எடுக்கப்பட்டுவிட்டது; சிக்கனப் பழக்கம் மட்டும் போகவில்லை. மலைப்பயணம் என்றால் வேன் பிடித்துக் குடும்பமாக, அயலாரோடு, சோற்றுப் பார்சலும் பாட்டுமாகப் போவதே அங்கே வழக்கம். தனியாக மலையைப் பார்க்க விரும்புகிறவர் ரயிலில் ஏறிக்கொள்கிறார். நானுஓயாவுக்கு 1885இலும் பதுளைக்கு 1924இலும் போய்ச் சேர்ந்த அந்தப் பாதை எந்த வீதிக்கும் சளைத்ததல்ல. இன்று ஏ5 வீதியில் தனியாக ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் கணிசமானோர் முச்சக்கர வண்டியை வாடகைக்கு எடுத்த வெளிநாட்டவர்.

இரண்டு மலைகளையும் இணைக்கும் ஒரு மனிதக் கதையையும் ஓட்டி அறிந்திருப்பது நல்லது. ஏ5 வீதியோரத்து லயங்களில் வாழ்வோரின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, வழியிலேயே பலர் மடிந்தார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் பின்னர் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆயிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் சாலையோரக் கடையில் தேநீர் ஆற்றுகிறவர் அட்டனிலோ நாவலப்பிட்டியிலோ பிறந்தவராக இருக்கக்கூடும். தனியாக வருகிறவரிடம் பேச்சுக் கொடுக்க இரண்டு பக்கத்துக் கடைக்காரர்களும் தயங்குவதில்லை. கொங்கில் முதல் கேள்வி “எந்த ஊருங்க?” என்று வரும். மலையகத்தில் “தனியாவா வந்தீங்க? வீட்டுல யாரும் வரலியா?” என்று விசாரணை குடும்பம் வரை போகும்.

மலை ஏறுமுன் வண்டிக்கு ஒரு கும்பிடு போடுவது இரு பக்கமும் உண்டு. திம்பம் ஏறுகிறவர்கள் பண்ணாரி அம்மனிடம் நிறுத்தித் திருநீறு பூசிக்கொள்கிறார்கள். ரம்பொடையில் சின்மயா மிஷன் கட்டிய அனுமார் கோயிலுக்குத் தமிழர் வண்டிகள் திரும்புகின்றன.

கும்பிட்டாலும் விபத்து நடக்கிறது; அதிலும் கனரக வண்டிகளே பெரும் பலி வாங்குகின்றன. 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர்ச் சாலையில் மரப்பாலம் அருகே தென்காசிச் சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து 9 பேர் இறந்தார்கள். 2025 மே 11 அன்று ஏ5 வீதியிலேயே கொத்மலை கெரண்டிஎல்லவில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோரும், அதே ஆண்டு செப்டம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் மற்றொரு பேருந்து விழுந்து 15 பேரும் இறந்தார்கள். தனிக்காரில் போகிறவர் தம் திறமையை மட்டும் நம்பினால் போதாது. எதிரே வரும் பேருந்தின் ஓட்டுநர் எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை என்பதும் அவருடைய உயிரைத் தொடுகிற கணக்கு. வளைவில் பேருந்து வந்தால் முழுதாக ஒதுங்கி நின்று வழிவிடுவதில் எந்த மானக்குறைவும் இல்லை.

உதவிக்கு அழைக்கும் எண் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. சுவசெரிய என்ற அந்த இலங்கை ஆம்புலன்ஸ் சேவை இந்திய அரசின் நன்கொடையில், 108இன் மாதிரியிலேயே 2016இல் தொடங்கி, 2018 முதல் தீவு முழுவதும் பரவியது. மலைத் திருப்பங்களில் இரண்டு நாடுகளிலும் கைபேசிச் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். அந்த இடைவெளியில் இலங்கையில் ஊர்ச்சனம் ஓடிவரும். வால்பாறைக் காட்டில் அடுத்த வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். தனியாகக் கிளம்புகிறவர் எந்த வழியாக எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவைப்பது கொங்குப் பக்கம் இரட்டிப்புத் தேவை.

மதுக்கரைக்காரர் தம் காரை இலங்கைக்குக் கொண்டுபோக முடியாது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே மீண்டும் தொடங்கிய கப்பல் பயணிகளுக்கானது, வண்டிகளை ஏற்றுவதில்லை. அங்கே போய் வாடகைக்கு எடுத்தால் பெரும்பாலும் சாரதியோடு சேர்த்துத்தான் தருவார்கள். வண்டியை மட்டும் கேட்டால் முன்பணம் கூடும். இந்தியாவில் பெற்ற சர்வதேச ஓட்டுநர் உரிமம் மட்டும் போதாது, அதற்கு இலங்கையில் அங்கீகாரம் பெற வேண்டும். வீதியில் பொலிஸ் மறித்தால் அனுமதிப்பத்திரத்தோடு வண்டியின் வருமான வரிப்பத்திரத்தையும் காப்புறுதி அட்டையையும் காட்ட வேண்டும். ஆகவே வண்டியை எடுக்கும்போதே இரண்டும் காலாவதியாகவில்லை என்று பார்த்துக்கொள்வது நல்லது. கண்டியிலிருந்து கோவைக்கு வருகிறவருக்கு நகரிலேயே தாமே ஓட்டும் வாடகைக் கார்கள் கிடைக்கும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது முறையாகப் பதிவான வாடகை வண்டி. இ-பாஸ் பதிவின்போது வெளிநாட்டுக் கைபேசி எண்ணோடு வருகிறவர்கள் மின்னஞ்சல் வழியாக விண்ணப்பிக்கலாம். அந்தப் பாஸைக் கல்லாறிலோ ஆழியாறிலோ காட்டிய பிறகுதான் மேலே போக முடியும்.